எல்லாருக்கும் மூன்றாம் விருப்பம்

என் அக்கா அசம்ப்டாவின் கணவர் மாலக்கி டூஹியை இந்த நகரத்தில் யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தது கிடையாது. பொறாமையில் சொல்லவில்லை, வாக்கு எண்ணும் கூடத்தில் போய் விசாரித்துக்கொள்ளலாம். எங்கள் தேர்தலில் ரொம்பப் பிடித்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு, அதற்கடுத்தவருக்கு மூன்று என்று சீட்டில் எண் போடுவோம். ஒன்றுகளை அள்ளியவர்கள் முதல் நாளே ஜெயித்து, நாலு பேர் தோளில் ஏறி மதுக்கடைக்குப் போய்விடுவார்கள். மாலக்கி மட்டும் மறுநாளும், சில தடவை அதற்கு மறுநாளும் கூடத்தின் மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தோற்றவர்களின் சீட்டுகளை மறுபடி பிரித்து, அதில் இவருக்கு விழுந்திருக்கும் மூன்றுகளைச் சேர்த்து, கடைசி இடத்தை இவர் தலையில் கட்டுவார்கள். யாருக்கும் இவர்மேல் உயிர் இல்லை, யாருக்கும் வெறுப்பும் இல்லை. அந்த ஒரு காரணத்தில் முப்பத்திரண்டு வருஷம் கவுன்சிலராக இருந்தார்.

அசம்ப்டாவே அவருக்கு இரண்டுதான் போடுவாள். ஒன்று எங்கள் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு. ரத்த சொந்தம், விட்டுக்கொடுக்க முடியாது. நான் மூன்று போடுவேன். ஒரு தடவை என் கார்க் கதவை அறைந்து சாத்தினார் என்ற ஆத்திரத்தில் நாலு போட்டுவிட்டேன். அந்த வருஷம் அவர் மயிரிழையில் தப்பித்தார் என்று கேள்விப்பட்டதும் ஒரு வாரம் அவருக்குக் கார்க் கதவை நானே திறந்துவிட்டேன். அதற்காக அவரிடம் போய் மன்னிப்பா கேட்க முடியும்? கதவை மெதுவாகச் சாத்தியிருக்கலாம் அவர்.

கார் என்னுடையது. ஓட்டுபவளும் நான். மாலக்கிக்கு ஓட்டுநர் தேர்வில் தேற முடியவில்லை. தேர்வு அதிகாரி "இடது பக்கம் திருப்புங்க" என்றால், நடைபாதையில் போகிற தெரிந்தவருக்குக் கையை ஆட்டிவிட்டு நேராகப் போய்விடுவார். ஊரில் எல்லாரும் தெரிந்தவர்கள் என்பதால் அவர் எந்தப் பக்கமும் திரும்பியதில்லை. ஆகவே நான் அவரை ஏற்றிக்கொண்டு திரிந்தேன். சாதாரணமாக "மாலக்கி" என்பேன், கோபம் வந்தால் "கவுன்சிலர்" என்பேன். மாலக்கி என்று கூப்பிட்ட நாட்கள் குறைவு.

ஆள் குள்ளம். என் தோளுக்கு வருவார், நானே அப்படியொன்றும் பனைமரம் இல்லை. பிழைப்புக்குக் காலணிக் கடையில் வேலை. மற்ற அரசியல்வாதிகள் தேர்தல் வந்தால்தான் ஜனங்களின் காலைப் பிடிப்பார்கள். இவர் வாரத்தில் ஆறு நாளும் மண்டியிட்டுப் பிடித்தார், காலுறை நாற்றத்தோடு. கயிறு திரிக்கும் சந்தில் தெருவிளக்கு எரியவில்லை, கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது, பையனுக்குப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்லாதவர்கள் குறைவு. எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். சிலவற்றைச் செய்தும் முடிப்பார். மலையடிவாரத்துப் பேருந்து நிழற்குடை இவர் போராடி வாங்கியது. அது சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. பேருந்து வந்தால் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. "காத்து அந்தப் பக்கத்துலேர்ந்துதானே அடிக்குது" என்பார். அதுவும் வாஸ்தவம்தான், பேருந்தைத் தவறவிட்டவர்கள் யாரும் நனைந்ததில்லை.

இருந்தாலும் கவுன்சிலர் என்றால் எங்கள் ஊரில் முதல் வேலை சாவுக்குப் போவது. மாதா கோவிலில் குடும்பத்தார் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், ஊரே வரிசையில் போய் ஒவ்வொருவர் கையையும் குலுக்கும். அந்த வரிசையில் கவுன்சிலர் இல்லையென்றால் அடுத்த தேர்தலில் அந்த வீட்டில் அவருக்கு எண்ணே விழாது. மாலக்கி ஒன்றையும் விட்டதில்லை. காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே வானொலியில் இறந்தவர்கள் பெயர் கேட்பார். "மனசத் தேத்திக்குங்க" என்று சொல்லிச் சொல்லி அவர் முகமே கொஞ்சம் நீண்டுவிட்டது.

இதில் அவருக்குப் போட்டி ஒருத்திதான். லீலியா ஹார்டிகன், எதிர்க்கட்சி. பாலத்தடியில் மீன்கடை வைத்திருப்பவள். ஒட்டடைக்கம்பு மாதிரி உயரம். இவர் போகிற சாவுக்கெல்லாம் அவளும் வருவாள், முடிந்தால் இவருக்கு முன்னால். மன்றத்தில் இரண்டு பேருக்கும் வாசல் பக்கம் அடுத்தடுத்த நாற்காலி. இருபது வருஷத்துக்கு மேல் பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். நிழற்குடை சுவரைப் பார்க்கிறது என்று பத்திரிகைக்குச் சொன்னவள் அவள்தான். அவள் திறந்துவைத்த பொதுக் கழிப்பறைக்குக் கதவு உள்பக்கம் பூட்டவில்லை என்று சொன்னவர் இவர். எப்படித் தெரிந்தது என்று கேட்டபோதுதான் பதில் சொல்லாமல் உட்கார்ந்தார்.

மாலக்கிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை, மேயர் ஆவது. எங்கள் மேயரை ஜனங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, ஒவ்வொரு ஜூன் மாதமும் கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரைப் பிடித்து ஒரு வருஷத்துக்குச் சங்கிலி போட்டுவிடுவார்கள். பொன் சங்கிலி, தோளிலிருந்து வயிறுவரை தொங்கும். முதல் வாய்ப்பு வந்தபோது கட்சித் தலைவரின் மச்சான் குறுக்கே வந்தான். இரண்டாவது வாய்ப்பில் எல்லாம் கூடிவந்திருந்தது. அப்போது கட்சியில் ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி, இன்னும் சில மாதம்தான் என்று மருத்துவர் சொன்னார். "பாவம், போறதுக்கு முன்னாடி போட்டுக்கட்டும்" என்று மாலக்கி விட்டுக்கொடுத்தார். அது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது. அந்தப் பெரியவர் இன்னமும் கோல்ஃப் ஆடுகிறார். மாலக்கியைப் பார்த்தால் மட்டையைத் தூக்கிக் காட்டுவார். அசம்ப்டாவுக்கு அந்த மட்டையைப் பார்த்தாலே பத்திக்கொண்டு வரும்.

மூன்றாவது வாய்ப்பு வந்தபோது அவருக்கு அறுபத்தொன்று. அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார், ஆகவே இதுதான் கடைசி. மன்றத்தில் முப்பது பேர். இவர் பக்கம் பதினாலு, லீலியாவை நிறுத்தியவர்கள் பதினாலு. மீதி இரண்டு வாக்கு போட்டியிடும் இவர்கள் இருவருடையது, அவரவர் தனக்கே போட்டுக்கொள்வார்கள். அப்படியென்றால் பதினைந்துக்குப் பதினைந்து, அப்புறம் சீட்டுக் குலுக்கல். இருவரில் ஒருவர் வராமல்போனால் வந்தவருக்குச் சங்கிலி. நகரத்தில் இந்தக் கணக்குத் தெரியாத பூனை நாய் கிடையாது.

வாக்கெடுப்பு மூன்று மணிக்கு. காலையிலேயே அவருக்கு முடி வெட்டிவைத்து, புதுச் சட்டை மாட்டி, முற்பகலில் கிளம்பினோம். முன்னாலேயே போய் ஆளில்லாத மன்றத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டுமாம். வழியில், பிறகு நேராக மன்றத்துக்கு வரவிருந்த அசம்ப்டாவுக்குக் காலுறை வாங்க வேண்டியிருந்தது, பழையதில் ஓட்டை. துணிக்கடை எங்கே இருக்கிறது என்றால் கோவிலுக்கு நேர் எதிரே. நான் கோவில் வாசலோரம் காரை நிறுத்தினேன். அங்கேதான் இடம் இருந்தது.

"எறங்கக் கூடாது. யாருக்கும் கையக் காட்டக் கூடாது," என்றேன்.

"நான் என்ன கொழந்தையா, டிம்ப்னா?"

காலுறையோடு திரும்பி வந்தால் கார் காலி. வானொலி தானாகப் பாடிக்கொண்டிருக்கிறது. கோவில் வாசலில் சவ ஊர்தி நிற்கிறது. அதற்குப் பின்னால் மீன் வாடையோடு லீலியாவின் கடுகு நிறக் கார். எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே ஓடினேன்.

அவ்வளவு பெரிய கோவிலில் பத்துப் பேர்கூட இல்லை. பீடத்துக்கு முன்னால் பெட்டி. பின்வரிசையில் மாலக்கியும் லீலியாவும் ஒரே பெஞ்சில் முட்டி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒருவரையொருவர் முந்தப்பார்ப்பதுபோல ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். நான் பின்னால் போய் முட்டி போட்டேன்.

"யாருய்யா செத்தது?" என்று லீலியா கண்ணைத் திறக்காமல் கிசுகிசுத்தாள்.

"என்னைக் கேக்கற? நீதானே மொதல்ல உள்ள வந்த?" என்றார் மாலக்கி.

"உன் காரு வாசல்ல நின்னுச்சு. இன்னிக்கும் விடாம வந்திருக்கான்னா பெரிய சாவா இருக்கும்னு வந்தேன்."

"காரு காலுறை வாங்க நின்னுது. நீ உள்ள போறதப் பாத்துட்டுத்தான் நான் வந்தேன்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் உண்மையாகவே ஜெபம் செய்தார்கள்.

"அப்ப எந்திரிச்சுப் போ," என்றாள் லீலியா.

"நீ போ. நான் பின்னாடியே வரேன்."

"நான் போனதும் நீ அந்தம்மா கையப் புடிச்சு அழுதுட்டு, ஹார்டிகன் பாதியில ஓடிட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவ. தெரியாதா எனக்கு?"

"சொல்ல மாட்டேன்."

"போன தடவை சொன்னியே."

"போன தடவை நீ ஓடினியே."

முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். சாம்பல் நிறக் கோட்டு, அழுது சிவந்த மூக்கு. ஆள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்த முகம் மலர்ந்தது. அதற்கப்புறம் எழுந்து போவதாவது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பூசை கண்டேன்.

பூசை முடிந்ததும் கை குலுக்கப் போனோம். வரிசை என்று சொல்வதற்கில்லை, நாங்கள் மூன்று பேர்தான். அந்த அம்மாள் பெயர் ரீட்டா நாஷ், இறந்தவனின் தங்கை, இங்கிலாந்தில் கவென்ட்ரியில் இருப்பவள். அண்ணன் பெயர் செனன். அங்கே கட்டட வேலையில் ஆயுசைக் கழித்துவிட்டு, சாகிற காலத்தில் சொந்த ஊர் வேண்டும் என்று திரும்பி வந்தவன். வந்து பார்த்தால் ஊரில் தெரிந்த முகம் ஒன்றுகூட மிச்சமில்லை. மதுக்கடை மாடியில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தானாம். இத்தனை சாவுக்குப் போன மாலக்கி அந்த மனிதனை ஒருநாளும் பார்த்ததில்லை.

"செனனை உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று ரீட்டா கேட்டாள்.

"கடைக்கு வருவாரும்மா. ஒன்பதாம் நம்பர் காலணி," என்றார் மாலக்கி, ஒரு வினாடிகூடத் தயங்காமல்.

"அவனுக்கு ஏழுதானே?"

"கனமான காலுறை போடற ஆளு."

ரீட்டா யோசித்துத் தலையாட்டினாள். லீலியாவின் பக்கம் திரும்பினாள்.

"எங்கிட்ட மீன் வாங்குவாரு," என்றாள் லீலியா.

"மீன் வாடையே அவனுக்கு ஆகாதே."

"பூனைக்கு."

"ஆமா, பூனை ஒண்ணு வளர்த்தான்," என்று ரீட்டா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாலக்கி லீலியாவைப் பார்த்த பார்வையில் பொறாமை வழிந்தது.

இத்தோடு விட்டது என்று நான் கார்ச் சாவியை எடுத்தேன். அப்போது வெட்டியான் வேலை முதல் ஊர்தி ஓட்டுவதுவரை எல்லாம் பார்க்கும் ட்ரோஹன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். கல்லறை மேட்டின் மேல் இருக்கிறது, ஊர்தி கீழ் வாசலோடு நின்றுவிடும், மேலே தோளில்தான் போக வேண்டும். தோள் கொடுக்க ட்ரோஹன், அவருடைய உதவியாள், மதுக்கடைக்காரர், பக்கத்து அறை ஆள், ஆக நாலு பேர். மற்றவர்கள் எல்லாம் ஊன்றுகோலோடு வந்தவர்கள். எனக்கு இடுப்பில் அறுவை செய்த தழும்பு இன்னும் இழுக்கிறது.

"ஆறு பேர் வேணும், கவுன்சிலர்," என்றார் ட்ரோஹன்.

மாலக்கி லீலியாவைப் பார்த்தார். லீலியா மாலக்கியைப் பார்த்தாள். ஒருவர் போனாலும் பெட்டி மேலே ஏறாது.

"இங்க ஒரு ஓட்டுகூட இல்ல, தெரியுமில்ல," என்று நான் மாலக்கியின் காதில் சொன்னேன். "இந்தம்மா ராத்திரிக் கப்பலுக்குப் போகுது. செத்தவரு செத்துட்டாரு. யாருக்காக இது, கவுன்சிலர்?"

"ஆறாவது ஆள் இல்லேங்கறாங்களே, டிம்ப்னா," என்றார்.

பெட்டி தூக்குகிறவர்கள் ஜோடி ஜோடியாக நின்று, பெட்டிக்கு அடியில் ஒருவர் தோளை ஒருவர் கையால் அணைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் ஆடாது. உயரம் பார்த்து ஜோடி சேர்ப்பது வழக்கம். நாலு பேர் பொருந்திவிட்டார்கள். மிஞ்சியது ஒட்டடைக்கம்பும் காலணி டப்பாவும். இருபது வருஷம் திட்டிக்கொண்டவர்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள். லீலியா குனிந்து அவர் தோளைப் பிடித்தாள், இவர் எம்பி அவள் தோளைப் பிடித்தார். மழை வேறு தூற ஆரம்பித்தது.

"கொரங்கு மரத்துல தொங்கற மாதிரி தொங்காதய்யா," என்றாள்.

"நீ கொஞ்சம் முட்டிய மடக்கி நட."

"முட்டிய மடக்கிட்டு மேடேற நான் என்ன வாத்தா?"

"பெட்டிக்கு அடியில பேசக் கூடாது," என்றார் ட்ரோஹன். சேற்றில் வழுக்கி வழுக்கி ஏறினார்கள். பெட்டி மாலக்கி பக்கம் சாயும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். ஆச்சரியமாக, சாயவே இல்லை.

ஜெபம் முடிந்து மண் போட்டதும் ரீட்டா கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். விடுதியில் சாவு விருந்து வைத்தாலும் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்து, தானே பன்றி இறைச்சி சாண்ட்விச் செய்து கொண்டுவந்திருக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல எந்தப் பாவிக்கு மனசு வரும்? மாலக்கி ஒன்று எடுத்தார். உடனே லீலியாவும் ஒன்று எடுத்தாள். இவர் இரண்டாவது எடுத்தார். அவளும் எடுத்தாள். மழையில் ஈரமான ரொட்டியை மென்றபடி இருவரும் செத்தவனின் நல்ல குணங்களைப் போட்டி போட்டுச் சொன்னார்கள். மூன்று மணிக்கு இன்னும் கால் மணி நேரம்தான் என்று நான் ஜாடை காட்டியதும்தான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ரீட்டாவிடம் விடைபெற்று, கௌரவமாக நாலடி நடந்து, அப்புறம் ஓடினார்கள்.

நான் தார் ரோட்டில் நிறுத்தியிருந்தேன். லீலியா முந்திக்கொண்டு கல்லறை வாசல்வரை சேற்றுச் சந்தில் ஏற்றி நிறுத்தியிருந்தாள். அவள் வண்டியைக் கிளப்பினாள், சக்கரம் சுற்றியது, சேறு பறந்தது, கார் அங்கேயே உட்கார்ந்து இன்னும் ஒரு விரல் கீழே இறங்கியது. நான் கண்ணாடியில் பார்த்தேன். மனசுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னேன், ஒளிக்க மாட்டேன். வண்டியைக் கியரில் போட்டேன்.

"நிறுத்து," என்றார் மாலக்கி.

"முடியாது."

"டிம்ப்னா, நிறுத்து."

"முப்பத்திரண்டு வருஷம், கவுன்சிலர். எங்கக்கா மன்றத்துல தொப்பி போட்டுட்டு ஒக்காந்திருக்கா. ஹார்டிகன் இல்லேன்னா பதினஞ்சுக்குப் பதினாலு. சங்கிலி உங்க கழுத்துல. மறுபடியும் யாருக்காவது தூக்கிக் கொடுத்துட்டு வந்து நின்னீங்கன்னா நானே உங்களுக்குப் பெட்டி வாங்குவேன்."

அவர் தன் தோளைத் தொட்டுப் பார்த்தார். புதுச் சட்டையெல்லாம் சேறு.

"பெட்டி என் தோள்ல படவே இல்ல, டிம்ப்னா. எட்டல. மேடு முழுக்க ரெண்டு பங்கும் அவளே தூக்கினா. வெளிய யாருக்கும் தெரியக் கூடாதுன்னு என்னையும் அணைச்சுப் பிடிச்சுக்கிட்டா."

எனக்குக் கோபம்தான் வந்தது. பின்னால் ஓட்டிக்கொண்டு போனேன். லீலியா பின் சீட்டில் மடங்கி உட்கார்ந்தாள், முழங்கால் தாடைக்கு வந்தது. வழியெல்லாம் காரில் மீன் வாடையும் ஈரக் கம்பளி வாடையும்தான். பாலம் தாண்டும்போது மட்டும் "நன்றி, டூஹி" என்றாள். "காலுறை மேல ஒக்காந்திருக்க, எடு" என்றார் இவர்.

நாங்கள் நுழைந்தபோது பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு பேரும் சேற்றுத் தடம் பதித்துக்கொண்டு வாசல் பக்கத்து நாற்காலிகளில் போய் விழுந்தார்கள். நான் பார்வையாளர் மாடத்துக்கு ஏறி, அசம்ப்டா பக்கத்தில் உட்கார்ந்து காலுறையைக் கொடுத்தேன். "எங்கடி போனீங்க?" என்றாள். "சாவுக்கு" என்றேன். யாருடைய சாவு என்றுதான் கேட்டாள், ஏன் என்று கேட்கவில்லை. அவளும் முப்பத்திரண்டு வருஷம் இவருடன் குடித்தனம் நடத்தியவள்.

பதினாலுக்குப் பதினாலு வந்து நின்றது. மிச்சம் இரண்டு பேர்.

"கவுன்சிலர் டூஹி?" என்றார் எழுத்தர்.

மாலக்கி எழுந்தார். எழுந்தாலும் உட்கார்ந்தாலும் அவரிடம் பெரிய வித்தியாசம் தெரியாது.

"ஹார்டிகன்," என்றார்.

அசம்ப்டா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பதினைந்து அவளுக்கு. இனி அவள் தன் பெயரைச் சொன்னால் போதும். இந்த மனுஷன் மேயர் ஆகாமலேயே சாவான், அந்தச் சாவுக்காவது நேரத்துக்குப் போவானா என்று நினைத்தேன். அழுகையாக வந்தது, ஆத்திரத்தில்.

"கவுன்சிலர் ஹார்டிகன்?"

லீலியா எழுந்தாள், எழுந்துகொண்டே போனாள். பக்கத்தில் குனிந்து ஒரு தடவை பார்த்தாள்.

"டூஹி," என்றாள்.

"ஏய், என்ன பண்ற நீ?" என்று மாலக்கி சத்தமாகவே கேட்டது ஒலிபெருக்கியில் விழுந்தது. "நான் உனக்குப் போட்டேன்ல."

"நீ போட்டா? நானும் போடுவேன். உனக்கு நான் கடன்படணுமா? ஒக்காருய்யா."

ஆக, பழையபடி பதினைந்துக்குப் பதினைந்து. இரண்டு கட்சிக்காரர்களும் தலையில் கையை வைத்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்கப் பெட்டி தேடினார்கள், சாவி யாரிடமும் இல்லை. கடைசியில் தேநீருக்கு வைத்திருந்த பிஸ்கட் டின்னைக் காலி செய்தார்கள். அதைக் காலி செய்ய எல்லாரும் உதவினார்கள். இரண்டு சீட்டைப் போட்டு, கதவு காக்கும் ஆள் கையை விட்டு ஒன்றை எடுத்தார். ஒட்டியிருந்த துகளை ஊதிவிட்டு, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"டூ...ஹி."

இத்தனை வருஷமாகக் குளியலறையில் அவர் ஒத்திகை பார்த்த ஏற்புரை ஒன்று உண்டு. எங்களுக்கே மனப்பாடம். சங்கிலியைப் போட்டதும் அவருக்கு அதில் ஒரு வார்த்தை ஞாபகம் வரவில்லை. "கயிறு திரிக்கிற சந்துல விளக்க நாளைக்கு மாத்திடறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சங்கிலி அவருக்கு முழங்கால்வரை தொங்கியது. அசம்ப்டா அழுதாள். நானும் அழுதேன், எனக்குச் சளி என்று சொல்லிக்கொண்டு.

மாலையில் மதுக்கடையில் ஊரே மேயருக்காகக் காத்திருக்க, மேயர் எங்கே? கல்லறைச் சந்தில். லீலியாவின் கார் அங்கேயே கிடக்கிறதே. "அவள நான் ஏத்திட்டு வந்தேன், அந்தக் காரையும் நானேதான் எடுத்துக் கொடுக்கணும்" என்றார். சங்கிலியைக் கழற்றி வை என்றால் கேட்கவில்லை, அதைக் கழற்றினால் கனவு கலைந்துவிடும் என்ற பயம். லீலியா உள்ளே உட்கார்ந்து கிளப்ப, அவர் பின்னாலிருந்து தள்ளினார். நானும் தொப்பி போட்ட என் அக்காவும் ஓரமாக நின்று எப்படித் தள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தோம். சக்கரம் சுழன்றது. மேயர் தலைமுதல் கால்வரை சேறு, சங்கிலியின் ஒவ்வொரு வளையத்திலும் சேறு. கார் வெளியே வந்துவிட்டது.

அந்த நேரம் ட்ரோஹனின் வண்டி வந்து நின்றது. கப்பலுக்குக் கிளம்புமுன் அண்ணனைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க ரீட்டா வந்திருந்தாள். கையில் பூ. சேற்று மனிதனின் கழுத்தில் தொங்குவதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"நீங்க... இந்த ஊர் மேயரா?"

மாலக்கி வாயைத் திறந்தார். மத்தியானம் ஒன்பதாம் நம்பர் காலணி என்று புளுகிய வாய், இப்போது திக்கியது. "இல்லம்மா, அப்ப நான் வந்து..." என்று இழுத்தார்.

"ஆமாங்க," என்றாள் லீலியா, கார்க் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டே. "இவரு மேயர்தான்."

"எங்க செனனுக்கு மேயரா தோள் கொடுத்தாரு?" ரீட்டா பூவை மார்போடு அணைத்துக்கொண்டாள். "கவென்ட்ரியில சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. வாழ்ந்த வரைக்கும் அவனை யாரும் ஏறெடுத்துப் பாத்ததில்ல."

"நம்பலேன்னா எங்கிட்ட கேக்கச் சொல்லுங்க," என்றாள் லீலியா. "பாலத்தடியில மீன்கடை, ஹார்டிகன்னு சொன்னா யாரும் காட்டுவாங்க. நான் பக்கத்துலயே இருந்து பாத்தேன். எங்க ஜோடியில முழு பாரமும் மேயர்தான் சுமந்தாரு. நான் சும்மா அவரைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன்."

மாலக்கி சேற்றைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரீட்டா பூவை அவர் கையில் கொடுத்து, நீங்களே வையுங்கள் என்றாள். நாங்கள் எல்லாரும் மறுபடி மேடேறினோம். அடுத்த தேர்தலில் லீலியா நின்றாள். எதிர்க்கட்சிதான், ஆனால் நான் அவளுக்கு ஒன்று போட்டேன்.